மேலே குத்தகைதாரர், கீழே வீட்டுக்காரர்

(லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் தமிழ்க் குடியிருப்போர் மத்தியில் ஆற்றிய உரை)



இந்தக் கூட்டத்திலே இரு சாராரும் வந்திருக்கிறார்கள். பஸ் ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள், கடையில் நிற்கிறவர்கள், பெட்ரோல் பங்கில் இரவு ஷிப்டு பார்க்கிறவர்கள் என்று எல்லோருமே உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்தாம். ஆனால் சிலர், பதினைந்து இருபது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஒரு பிளாட்டை வாங்கினார்கள். பின்பு குடும்பம் பெருகி வேறு வீடு போனார்கள். பழைய பிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மற்றும் பலர் அப்படிப்பட்ட பிளாட்டுகளிலே குடித்தனம் இருக்கிறார்கள்.

இரு சாராரும் நம்மிடம் கேட்கிற கேள்வி ஒன்றே. கூரை ஒழுகினால் யார் பொறுப்பு?

குடித்தனக்காரர் வீட்டுக்காரரைக் கேட்கிறார். வீட்டுக்காரர், "கூரை என்னுடையதல்ல, கட்டடம் என்னுடையதல்ல" என்று மேலே கை காட்டுகிறார். மேலே இருக்கிற நிலச் சொந்தக்காரர் மேனேஜிங் ஏஜெண்டைக் காட்டுகிறார். ஏஜெண்ட் போனை எடுப்பதில்லை. ஒழுக்கு மட்டும் நிற்பதில்லை!

இந்தக் கேள்விக்கு நமது பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கீழே இருப்பவருக்குச் செய்ய வேண்டிய கடமையை, மேலே இருப்பவரைக் காட்டித் தட்டிக்கழிக்கக் கூடாது. மேலே இருப்பவரிடம் கேட்க வேண்டிய நியாயத்தை, கீழே இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளாமல் கேட்டுப் பெறவும் முடியாது. மற்றதெல்லாம் இதற்கு விளக்கமே.

இது என்ன சொத்து?

நம் ஊரில் ‘லீசுக்கு வீடு’ என்றால், மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வது. இங்கிலாந்திலே ‘லீஸ்ஹோல்ட்’ என்பது அதல்ல. இங்கே பிளாட்டை வாங்குகிறவர் லட்சக்கணக்கான பவுனைக் கொட்டிக் கொடுக்கிறார். கொடுத்தும், அவருக்குக் கிடைப்பது 99 வருஷமோ, 125 வருஷமோ, 999 வருஷமோ அனுபவிக்கும் பாத்தியதைதான். நிலமும், சுவரும், கூரையும், மாடிப்படியும் வேறொருவருக்குச் சொந்தம். கெடு முடிந்தால் எல்லாம் அந்தச் சொந்தக்காரருக்கே திரும்பிப் போகும்.

தமிழ்நாட்டில் கோயில் மனையில் வீடு கட்டிக்கொண்டு, தலைமுறை தலைமுறையாக அடிமனை வாடகை செலுத்தி வருகிற குடும்பங்களை நமக்குத் தெரியும். வீடு என்னுடையது, மண் என்னுடையதல்ல என்ற அந்த நிலைமைக்கு இது தூரத்துச் சொந்தம். இங்கே அடிமனை வாடகைக்குப் பெயர் ‘கிரவுண்ட் ரெண்ட்’. அதற்கு மேலே கட்டடப் பராமரிப்புக்கென்று ‘சர்வீஸ் சார்ஜ்’ வேறு. இங்கிலாந்தில் இம்மாதிரி வீடுகள் அரைக் கோடியை ஒட்டி இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பிளாட்டுகள்.

இது இன்று நேற்று வந்ததல்ல. மேபேர், பெல்கிரேவியா வட்டாரங்களில் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் குடும்பமும், செல்சியில் கடோகன் பிரபுவின் குடும்பமும் மண்ணை விற்காமல் குத்தகைக்கு விட்டே கொழுத்தார்கள். மாஞ்செஸ்டர் தொழிலாளர் வீடுகளைப் பார்த்து 1845-ல் ஏங்கல்ஸ் எழுதிய நூலிலே இந்த முறையின் சூட்சுமத்தை விளக்கியிருக்கிறார். கட்டுகிறவர் நிலத்தைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகை எடுக்கிறார். கெடு முடிந்ததும் கட்டடம் நஷ்டஈடு இல்லாமல் நிலக்காரருக்குப் போய்விடும். ஆகவே, கெடு முடிகிற நாளன்று அந்த வீடு காசு பெறாததாக இருக்க வேண்டும் என்றே கணக்குப் பண்ணிக் கட்டுகிறார்! சுவர் மெல்லியதாக எழும்புகிறது. கடைசி வருஷங்களில் மராமத்துக்கு ஒரு பென்னி செலவாவதில்லை. அந்த வீட்டில் இருமுகிறவர் யார்? கட்டினவருமல்ல, நிலக்காரருமல்ல, வாடகை கொடுக்கிற தொழிலாளி.

பிறகு எத்தனையோ சட்டங்கள் வந்தன. 1967-ல் தனி வீடுகளின் குத்தகைதாரர்களுக்கு நிலத்தை விலைக்கு வாங்கும் உரிமை கிடைத்தது. அதை எதிர்த்து வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் தரப்பார் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள், 1986-ல் தோற்றார்கள். 1993-ல் பிளாட்டுக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து நிலத்தை வாங்கும் உரிமை வந்தது. 2022 ஜூன் 30 முதல் எழுதப்படும் புதுக் குத்தகைகளுக்கு, சில விதிவிலக்குகள் தவிர, அடிமனை வாடகை கிடையாது. ஆனால் அந்தச் சட்டம் பழைய குத்தகைகளைத் தொடவில்லை. இத்தனை சீர்திருத்தத்துக்குப் பிறகும் அஸ்திவாரம் அப்படியே இருக்கிறது.

தொழிலாளி எப்படி வீட்டுக்காரர் ஆனார்?

1980-ல் தாட்சர் அம்மையாரின் ஆட்சி, கவுன்சில் வீடுகளைக் குடியிருந்தோருக்குக் குறைந்த விலையில் விற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. ‘சொத்துரிமை ஜனநாயகம்’ என்று மேளம் கொட்டினார்கள். தனி வீட்டுக்காரருக்கு நிலம் கிடைத்தது. பிளாட்டுக்காரருக்குக் குத்தகைதான் கிடைத்தது. பின்னர் அந்தப் பிளாட்டுகள் கைமாறின. 2017-ல் நூற்றுக்கும் மேற்பட்ட கவுன்சில்களிடம் திரட்டிய கணக்குப்படி, அப்படிக் குத்தகையில் விற்கப்பட்ட பிளாட்டுகளில் ஏறத்தாழ நாற்பது சதம் தனியார் வாடகைக்குப் போய்விட்டன. மக்கள் பணத்தில் கட்டிய வீடு, மக்களுக்கே அதிக வாடகைக்கு விடப்படுகிறது!

இங்கே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு பிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிற நர்சையும், ஆயிரம் வீடுகளின் நிலத்தைக் கையில் வைத்திருக்கிற முதலீட்டுக் கம்பெனியையும் நாம் ஒரே தராசில் நிறுக்கவில்லை. அந்த நர்ஸ் பாங்குக்கு வட்டி கட்டுகிறார், நிலக்காரருக்கு அடிமனை வாடகை கட்டுகிறார், ஏஜெண்டுக்குப் பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறார். ஆனால், தான் நெருக்கப்படுகிறோம் என்பது பிறரை நெருக்குவதற்கு லைசென்ஸ் ஆகாது. வாடகை வாங்குகிற கையோடு பொறுப்பும் வருகிறது. இதைச் சொல்லாமல் ஒற்றுமை பேசினால் அது போலி ஒற்றுமை.

தொட்டிலை ஜப்தி செய்த அமீனா

இடையில் நிற்கிற வீட்டுக்காரர் என்ன தீங்கு செய்யக்கூடும் என்பதற்கு, நமது இயக்கத்தின் ஆசான் குடும்பமே சாட்சி. 1850-ல் மார்க்ஸ் குடும்பம் லண்டன் செல்சியிலே வாடகைக்கு இருந்தது. வீட்டுக்கார அம்மாளும் உண்மையில் ஒரு குத்தகைதாரர்தான். அவருக்கு மேலே ஒரு நிலக்காரர் இருந்தார். வாடகையை இனி அந்த நிலக்காரரிடமே கட்டுவதென்று ஒப்பந்தமாகியிருந்தது. திடீரென்று அந்த அம்மாள் வந்து ஒப்பந்தத்தை மறுத்தார். தனக்கு 5 பவுன் பாக்கி என்றார். கையில் பணமில்லை. இரண்டு அமீனாக்கள் உள்ளே நுழைந்தார்கள். படுக்கை, துணிமணி, கைக்குழந்தையின் தொட்டில், பெண் குழந்தைகளின் நல்ல பொம்மைகள் உட்பட எல்லாவற்றையும் ஜப்தி செய்தார்கள். ஜென்னி மார்க்ஸ் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்திலே இதையெல்லாம் விவரித்திருக்கிறார்.

வாடகை பாக்கிக்குக் கோர்ட்டுக்குப் போகாமலே சாமான்களை ஜப்தி செய்யும் அந்தப் பழைய பாத்தியதை, இந்த நாட்டில் 2014 ஏப்ரலில்தான் ஒழிந்தது. தோழர்களே, மேலே ஒரு சொந்தக்காரர், நடுவே ஒருவர், கீழே ஒரு குடும்பம் என்ற ஏற்பாட்டில், மேலிருந்து விழுகிற அடியெல்லாம் கடைசியில் கீழே இருக்கும் தொட்டிலில்தான் விழும். ஆகவே நடுவே நிற்பவரின் கடமைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மேல்நோக்கிய கடமை

முதலாவதாக, குத்தகைப் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். பல பேர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டியதோடு சரி. வாடகைக்கு விடுவதற்கு நிலக்காரரின் சம்மதம் தேவையா, விட்டபின் தகவல் கொடுக்க வேண்டுமா, எத்தனை நாளுக்குள், என்ன கட்டணம் என்பதெல்லாம் அதிலே ஷரத்து ஷரத்தாக எழுதியிருக்கும். சம்மதம் கேட்க வேண்டுமென்று இருந்தால், நியாயமான காரணமின்றி மறுக்க பொதுவாக அவருக்கு உரிமையில்லை. அதற்கென்று கேட்கிற கட்டணமும் நியாயமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சொத்துத் தீர்ப்பாயத்தில் கேள்வி கேட்கலாம். பாங்குக் கடன் இருந்தால் பாங்கின் அனுமதியும் வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் வீடு வாடகைக்கு விடப்பட்டிருப்பதைச் சொல்ல வேண்டும்.

இரண்டாவதாக, தரைக்குக் கம்பளம், இரவு நேரச் சத்தம், வளர்ப்புப் பிராணி, குப்பை வைக்கிற இடம் என்றெல்லாம் பத்திரத்திலே விதிகள் இருக்கும். குடித்தனக்காரர் மீறினாலும், நிலக்காரரிடம் பதில் சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான். ஆகவே அந்த விதிகளைக் குடித்தனக்காரருக்கு முன்கூட்டியே காட்டி, அவருக்குத் தெரிந்த பாஷையில் விளக்க வேண்டும். நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் உல்லாசப் பயணிகளுக்கு விடுவது வேறு ஆபத்து. ‘சொந்தக் குடியிருப்பாக மட்டும்’ என்று எழுதிய பத்திரத்துக்கு அது விரோதம் என்று 2016-லேயே மேல் தீர்ப்பாயம் சொல்லிவிட்டது.

இதையெல்லாம் சடங்கு என்று நினைக்காதீர்கள். பத்திரத்தை மீறினால் கோர்ட்டு மூலம் குத்தகையையே பறிக்கும் உரிமை, 1925-ம் வருஷச் சட்டத்தின் நிழலில் நிலக்காரருக்கு இன்னும் இருக்கிறது. மேல் குத்தகை போனால் கீழே இருக்கிற குடும்பம் என்ன ஆகும்? 1988-ம் வருஷ வீட்டுச் சட்டத்திலே ஒரு பாதுகாப்பு உண்டு. மேல் குத்தகை முடிந்துபோனாலும், குடித்தனம் நீடிக்கும், நிலக்காரரே வீட்டுக்காரராகிவிடுவார். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. வீடு சட்டப்படி வாடகைக்கு விடப்பட்டிருக்க வேண்டும். சம்மதம் வாங்க வேண்டிய இடத்தில் வாங்காமல் விட்டிருந்தால், அந்தப் பாதுகாப்பு காற்றிலே போகும். வீட்டுக்காரர் ஒரு கடிதம் எழுதச் சோம்பினதற்கு, ஒன்றுமறியாத குடும்பம் தெருவிலே நிற்கும். இதுதான் அந்தக் காகிதத்தின் விலை.

கீழ்நோக்கிய கடமை

இனி, வீட்டுக்குள்ளே. ஏழு வருஷத்துக்குக் குறைவான எந்தக் குடித்தனத்திலும் தண்ணீர்க் குழாய், காஸ், மின்சாரம், கழிப்பிடம், வெந்நீர், கணப்பு ஆகியவற்றைச் சரியாக வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு என்று 1985-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதி வாங்கினாலும் செல்லாது. காஸ் சாதனங்களை வருஷத்துக்கு ஒரு முறை, பதிவு பெற்ற காஸ் நிபுணரைக் கொண்டு சோதித்து, சான்றிதழைக் குடித்தனக்காரரிடம் கொடுக்க வேண்டும். மின்சார இணைப்பை ஐந்து வருஷத்துக்கு ஒரு முறையாவது சோதிக்க வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் புகை எச்சரிக்கைக் கருவி வேண்டும். காஸ் பாய்லர் இருக்கிற அறையில் கார்பன் மோனாக்சைடு கருவி வேண்டும். இது 2022 அக்டோபர் முதல் கட்டாயம். டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வருஷ வாடகை 50,000 பவுனுக்கு மேற்பட்ட பணக்கார வீடுகளுக்கு மட்டும் ஆறு வாரம். வாங்கிய டெபாசிட்டை 30 நாளுக்குள் அங்கீகாரம் பெற்ற திட்டத்திலே பத்திரப்படுத்த வேண்டும். தவறினால் டெபாசிட்டும் போய், அதைப்போல் மூன்று மடங்கு வரை அபராதமும் கட்ட நேரும்.

2019 மார்ச் முதல், வீடு மனிதர் வாழத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதும் ஒவ்வொரு வாடகை ஒப்பந்தத்திலும் எழுதாமலே எழுதப்பட்ட ஷரத்து. ஈரம், பூஞ்சணம் என்றால் அலட்சியம் வேண்டாம். ராச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, 2020 டிசம்பரில், பூஞ்சணம் படிந்த பிளாட்டிலே இருந்து மூச்சுத் திணறி மாண்டது. அது சமூக வாடகை வீடு. அக்குழந்தையின் பெயரால் வந்த சட்டம், 2025 அக்டோபர் முதல் சமூக வீடுகளில் குறிப்பிட்ட கெடுவுக்குள் ஆபத்தைச் சரிசெய்யக் கட்டாயப்படுத்துகிறது. தனியார் வாடகைக்கும் அதை நீட்டிக்க 2025-ம் வருஷ வாடகைதாரர் உரிமைச் சட்டம் வழி வகுத்திருக்கிறது. சட்டம் வரட்டும் என்று குழந்தையின் நுரையீரல் காத்திருக்காது!

சரி, கூரை? மாடிப்படி? சுவரின் வெளிப்புறம்? இங்கேதான் கைகாட்டுகிற விளையாட்டு ஆரம்பமாகிறது. தனக்குப் பாத்தியதை உள்ள பொது இடங்களுக்கும் வீட்டுக்காரரின் மராமத்துக் கடமை ஓரளவு நீள்கிறது. 2016 ஜூலையில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கை நினைவில் வையுங்கள். குத்தகைப் பிளாட்டை வாடகைக்கு எடுத்த ஒருவர் குப்பையைப் போடப் போகும்போது, நடைபாதைக் கல் தடுக்கி விழுந்து காயப்பட்டார். வீட்டுக்காரர்மீது வழக்குப் போட்டார். அந்த நடைபாதை கட்டடத்தின் முன்கூடத்துக்கு ‘வெளிப்புறம்’ ஆகாது என்றும், கல் பழுதாயிருப்பதாக வீட்டுக்காரருக்கு யாரும் தெரிவிக்கவில்லை என்றும் காரணம் காட்டி, அவர் பொறுப்பல்ல என்று கோர்ட்டு தீர்ப்பளித்தது.

இதிலே இரு சாராருக்கும் பாடமிருக்கிறது. குடித்தனக்காரர்களே! வாய்ச்சொல்லாக விட்டுவிடாதீர்கள். பழுதைக் கண்டதும் தேதி போட்டு எழுத்திலே தெரிவியுங்கள். படம் எடுத்து வையுங்கள். வீட்டுக்காரர்களே! "அது என் கட்டடமல்ல" என்பது முழு விடையல்ல. உங்களுக்கு நுழைய உரிமையில்லாத இடமானால், அந்த உரிமையைப் பெற நியாயமான எல்லா முயற்சியும் எடுத்தேன் என்று காட்டினால்தான் சட்டம் உங்களைத் தப்பவிடும். அதாவது, குடித்தனக்காரரின் கடிதம் வந்த உடனே நீங்கள் ஏஜெண்டுக்கும் நிலக்காரருக்கும் எழுத வேண்டும்; பதில் வராவிட்டால் மறுபடி எழுத வேண்டும்; நகலைக் குடித்தனக்காரருக்குத் தர வேண்டும். நிலக்காரருடன் ஒப்பந்தம் இருப்பது உங்களுக்குத்தான், குடித்தனக்காரருக்கு அல்ல. நீங்கள் எழுதாவிட்டால் அவருடைய குரல் அங்கே போய்ச் சேராது.

‘நம்ம ஆள்’ என்ற மூடுதிரை

இன்னொரு விஷயத்தை மனம் கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும். நம் மக்களுக்குள்ளே, "நம்ம ஊர்க்காரர்தானே, எதற்கு எழுத்து?" என்று வாடகை ஒப்பந்தம் இல்லாமல், ரசீது இல்லாமல், ரொக்கமாக வாங்குகிற பழக்கம் இருக்கிறது. புதிதாக வந்த மாணவர்களையும், விசா நெருக்கடியில் இருப்பவர்களையும் ஒரு அறைக்கு நாலு பேராகப் படுக்க வைக்கிற பழக்கமும் இருக்கிறது. இதற்கு உதவி என்று பெயர் சூட்டுகிறார்கள். எழுத்தில்லாத உதவி, வாங்குகிறவருக்கா, கொடுக்கிறவருக்கா லாபம்?

2023 மார்ச் 5-ந் தேதி, இங்கிருந்து அதிக தூரமில்லாத ஷாட்வெல்லில், மடாக்ஸ் ஹவுஸ் என்ற கவுன்சில் கட்டடத்துப் பிளாட் ஒன்று தீப்பிடித்தது. மின்சார சைக்கிளின் பாட்டரியிலிருந்து எழுந்த தீ. உரிமத்தில் கண்ட எண்ணிக்கையைப் பல மடங்கு மீறி, வங்காளதேசத்திலிருந்து வந்த உழைப்பாளிகள் அங்கே அடுக்குக் கட்டில்களில் அடைக்கப்பட்டிருந்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து சில நாளே ஆகியிருந்த ஒருவர் இறந்துபோனார். வீட்டை விட்டிருந்தவர்களும் அதே நாட்டைப் பூர்வீகமாகக் கொண்டவர்களே. பின்னர் கோர்ட்டில் தண்டிக்கப்பட்டார்கள். பாஷையும் ஊரும் ஒன்றாயிருந்து என்ன பயன்? தீ பாஷை பார்க்கவில்லை. லாபமும் பார்க்கவில்லை.

ஒரே குடும்பமல்லாத பலருக்குச் சேர்த்து விடுவதானால் கவுன்சிலின் உரிமம் தேவையா என்று விசாரியுங்கள். ஐந்து பேருக்கு மேற்பட்டால் மட்டுமல்ல, ஐந்து பேர் ஆனாலே அது பொதுவாகக் கட்டாயம். நியூஹாம் கவுன்சில் 2013 முதலே தனியார் வாடகை வீடுகளுக்கு விரிவாக உரிமம் ஏற்படுத்தியது. பல கவுன்சில்கள் பின்தொடர்ந்தன. வார்டுக்கு வார்டு விதி மாறும்.

குடித்தனக்காரரின் குடியேற்றக் காகிதங்களை வீட்டுக்காரர் சோதிக்க வேண்டும் என்று 2014-ம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. வீட்டுக்காரரை எல்லைக் காவலராக்குகிற அந்தச் சட்டத்தை நாம் எதிர்க்கிறோம். அதனால் இன பேதம் விளைகிறது என்று 2019-ல் உயர் நீதிமன்றமே சொன்னது; 2020-ல் மேல்முறையீட்டிலே சட்டம் பிழைத்துக்கொண்டது. சட்டம் இருக்கிறவரை சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லோரையும் ஒரே மாதிரி சோதியுங்கள். கறுத்த முகத்தைக் கண்டு கதவை மூடுகிற வேலையை நம்மவர்களே செய்யலாகாது.

வாடகையை ஏற்றினால் தீருமா?

"பராமரிப்புக் கட்டணம் ஏறிவிட்டது, வட்டி ஏறிவிட்டது, வாடகையை ஏற்றாமல் என்ன செய்வது?" என்று வீட்டுக்காரர்கள் கேட்கிறார்கள். 1988-ல் வந்த சட்டத்தின் 21-ம் பிரிவின்படி, காரணமே சொல்லாமல் குடித்தனக்காரரைக் காலி செய்யச் சொல்ல முடிந்தது. அந்தக் கத்தி தலைக்கு மேல் தொங்கியதால் குடித்தனக்காரர் வாயைத் திறக்கவே அஞ்சினார். வாடகைதாரர் இயக்கங்கள் பல வருஷம் போராடியதன் பலனாக, 2025 அக்டோபரில் நிறைவேறிய சட்டம், 2026 மே 1 முதல் அந்த 21-ம் பிரிவை ஒழித்தது. வாடகையை வருஷத்துக்கு ஒரு முறைதான், இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்துத்தான் ஏற்றலாம். அநியாயமென்றால் குடித்தனக்காரர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வீட்டுக்காரர் கேட்டதற்கு மேல் தீர்ப்பாயம் நிர்ணயிக்க முடியாது. குழந்தை இருக்கிறது, அரசு உதவித்தொகை வாங்குகிறார் என்று சொல்லி வீடு மறுப்பதும் சட்டவிரோதம்.

ஆகவே நண்பர்களே, கீழே அழுத்தி மீளலாம் என்ற வழி குறுகிவிட்டது. மேலே கேள்வி கேட்பதுதான் வழி. பராமரிப்புக் கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும் என்பது சட்டம். ஒரு மராமத்து வேலைக்கு எந்த ஒரு குத்தகைதாரரும் 250 பவுனுக்கு மேல் கட்ட நேர்ந்தால், முன்கூட்டியே எல்லோரையும் கலந்தாலோசிக்க வேண்டும். செய்யாவிட்டால், தீர்ப்பாயம் விலக்கு அளித்தாலொழிய, 250 பவுனுக்கு மேல் வசூலிக்க முடியாது. கணக்கைக் கேளுங்கள், ரசீதுகளைக் கேளுங்கள், இன்சூரன்ஸில் கமிஷன் எவ்வளவு என்று கேளுங்கள்.

அதற்கும் மேலே, 2002-ம் வருஷச் சட்டப்படி, பிளாட்டுக்காரர்களில் குறைந்தது பாதிப் பேர் சேர்ந்தால், நிலக்காரரின் குற்றத்தை நிரூபிக்காமலே நிர்வாகத்தைத் தங்கள் கைக்கு மாற்றிக்கொள்ளலாம். இது ஏன் பல கட்டடங்களில் நடப்பதில்லை? பாதிப் பேர் அங்கே குடியிருப்பதில்லை! வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு வேறிடத்தில் இருக்கிறார்கள்; கூட்டத்துக்கு வருவதில்லை; கடிதத்துக்குக் கையெழுத்துப் போடுவதில்லை. கட்டடத்திலே குடியிருக்கிற பிளாட்டுக்காரர் நாலு பேர் எவ்வளவு கத்தினாலும் பாதி எண்ணிக்கை எட்டுவதில்லை. வாடகைக்கு விட்ட குத்தகைதாரரின் பொறுப்புகளிலே, சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத முதல் பொறுப்பு இதுதான். அந்தக் கட்டடத்தை மறக்காதீர்கள்! ஏஜெண்டின் கமிஷன் உங்கள் மறதியிலிருந்து பிறக்கிறது.

தீயிலே கற்ற பாடம்

2017 ஜூன் 14-ந் தேதி கிரென்பெல் டவர் எரிந்து 72 பேர் மாண்டார்கள். குடியிருந்தவர்கள் முன்பே எச்சரித்திருந்தார்கள், கேட்பாரில்லை. பிறகு நாடெங்கும் கட்டடங்களைச் சோதித்தபோது, எரியக்கூடிய மேலுறை போர்த்திய மாளிகைகள் ஏராளம் என்று தெரிந்தது. அதை அகற்றுகிற செலவை யார் தலையில் கட்டினார்கள்? போர்த்தியவர் தலையிலல்ல, குத்தகைதாரர் தலையில். பெரிய கிளர்ச்சி நடந்தது. அதன் பிறகே 2022-ம் வருஷக் கட்டடப் பாதுகாப்புச் சட்டம், குறிப்பிட்ட உயரத்துக்கு மேற்பட்ட கட்டடங்களில், தகுதிபெற்ற குத்தகைதாரர்களை அந்த மேலுறைச் செலவிலிருந்து விடுவித்தது. மொத்தம் மூன்று வீடுகளுக்கு மேல் வைத்திராத சிறு வீட்டுக்காரரும் அந்தப் பாதுகாப்பிலே சேர்ந்தார். அது தானாக வரவில்லை. குத்தகைதாரர்கள் தெருவுக்கு வந்ததால் வந்தது.

எரிகிற கட்டடத்திலே மேல் குத்தகை, உள்குத்தகை என்ற பேதம் உண்டா? படிக்கட்டு ஒன்றுதான். அப்படியானால் சங்கமும் ஒன்றாக இருக்க வேண்டாமா?

இறுதியான பரிகாரம் என்ன? மண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு வேலையும் செய்யாமல் பணம் பறிக்கிற முறையே ஒழிய வேண்டும். கட்டடம் அதிலே இருப்பவர்களுக்கே கூட்டாகச் சொந்தமாகிற ‘காமன்ஹோல்ட்’ முறைக்கு 2002-லேயே சட்டம் வந்தது. கட்டாயமில்லாததால், கட்டுமான முதலாளிகள் அதைத் தொடவேயில்லை. இருபது வருஷத்தில் இருபது கட்டடங்கள்கூடத் தேறவில்லை. 2025 மார்ச்சில் அரசாங்கம் அதை விரிவாக்குவதாக வெள்ளை அறிக்கை வெளியிட்டது. வெள்ளை அறிக்கை கூரையை அடைக்காது. ஒன்றுபட்ட மக்களின் நிர்ப்பந்தம்தான் அதைச் செயலாக்கும். அதோடு, விற்றுத் தீர்த்த கவுன்சில் வீடுகளுக்கு ஈடாக, நியாய வாடகையில் புதிய பொது வீடுகள் கட்டப்பட வேண்டும். வீடு சூதாட்டச் சரக்காக இருக்கிறவரை, சிறு வீட்டுக்காரருக்கும் நிம்மதியில்லை, குடித்தனக்காரருக்கும் நிம்மதியில்லை.

சரித்திரம் நமக்குத் தைரியம் தருகிறது. 1915-ல் கிளாஸ்கோ நகரத்துப் பெண்கள், மேரி பார்பர் போன்றோர் முன்னணியில் நிற்க, வாடகை கொடுக்க மறுத்துத் தெருவில் திரண்டார்கள். அதே வருஷம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. 1938, 39-ல் இதே கிழக்கு லண்டனின் ஸ்டெப்னியில், தோழர் பில் பிராட்டின் போன்ற கம்யூனிஸ்டுகள் முன்னின்று வாடகைதாரர் பாதுகாப்புச் சங்கத்தை வளர்த்தார்கள். யூதத் தொழிலாளியும் ஐரிஷ் தொழிலாளியும் ஒரே வாசலில் நின்று வெளியேற்றத்தைத் தடுத்தார்கள். வாடகையைக் குறைக்க வைத்தார்கள். ஸ்டெப்னிக்கு உட்பட்ட பகுதிதான் ஷாட்வெல். அந்த மண்ணிலேயே நாம் இன்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே, இன்று வீட்டுக்குப் போனதும் செய்ய வேண்டியவை சில உண்டு. பிளாட்டை வாடகைக்கு விட்டிருக்கிறவர், குத்தகைப் பத்திரத்தை எடுத்து, வாடகைக்கு விடுவது பற்றிய ஷரத்தைப் படிக்கட்டும். காஸ் சான்றிதழின் தேதியைப் பார்க்கட்டும். குடித்தனக்காரருக்கு எழுத்தில் ஒப்பந்தம் கொடுக்கட்டும். வாடகைக்கு இருப்பவர், நெடுநாளாக வாயளவில் சொல்லிவந்த பழுதைத் தேதியிட்டு எழுதிக் கொடுக்கட்டும். இருவரும் சேர்ந்து, அதே கட்டடத்தில் கதவு கதவாகத் தட்டி, எல்லோரையும் ஒரு கூட்டத்துக்கு அழைக்கட்டும். வாடகைக்கு இருப்பவருக்கும் அங்கே நாற்காலி போடுங்கள்.

கூரைக்குக் கீழே இருப்பவர்கள் ஒன்றுபட்டால், கூரைக்குச் சொந்தக்காரர் பதில் சொல்லியே தீர வேண்டும்.